நாலு கணக்கும் ஒரு பற்றுச்சீட்டும்

2024 செப்டம்பரில் ஜே.வி.பி. என்ற மார்க்சியக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க இலங்கை ஜனாதிபதியானபோது கொழும்பு பழைய சோனகத் தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இனிமேல் கடையெல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடுமா? அரிவாளும் சுத்தியலும் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் பகிடியாகச் சொன்னார்: "உங்களுக்கென்ன மிஸ், கணக்கு எழுதுற வேலை கம்யூனிசத்திலயும் இருக்கும். எங்கட பாடுதான் கஷ்டம்."

அப்படி எதுவும் நடக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தோடு (ஐ.எம்.எஃப்.) போட்ட கடன் திட்டம் அப்படியே தொடர்ந்தது. கூரைத் தகட்டின் விலையை இன்றும் டொலர்தான் சொல்கிறது. ஆனால் என் வேலையைப் பற்றி அவர் சொன்னது சரி. கம்யூனிசப் பொருளாதாரத்தில் கணக்கு எழுதுகிறவருக்கு வேலை போகாது. சொல்லப்போனால் அங்கே மற்ற எல்லா வேலையும் அவரை நம்பித்தான் நிற்கிறது.

1917இல், புரட்சிக்குச் சில வாரங்கள் முன்பு, பின்லாந்தில் தலைமறைவாக இருந்தபடி லெனின் எழுதியதைப் படித்தால் இது விளங்கும். முழுச் சமூகமும் ஒரே அலுவலகமாக, ஒரே தொழிற்சாலையாக ஆகிவிடும். வேலையும் சமம், சம்பளமும் சமம். கணக்கெடுக்கிற, கண்காணிக்கிற வேலையை முதலாளித்துவமே போதுமான அளவு இலகுவாக்கி வைத்துவிட்டது. எழுத வாசிக்கவும் நாலு கணக்குச் செய்யவும் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் தெரிந்த எவரும் இனி அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதம். ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையில் பற்றுச்சீட்டு எழுதிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அதை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மனுசன் ஒரேயொரு மாதக் கடைசியில் எங்கள் கிட்டங்கிக்கு வந்து கையிருப்பு எடுத்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார்.

மார்க்ஸ் அந்த அளவுகூடச் சொல்லவில்லை. முதலாளித்துவம் எப்படி ஓடுகிறது என்று தடித்தடியாக எழுதியவர், அடுத்தது எப்படி ஓடும் என்பதற்கு ஒதுக்கியது கொஞ்சப் பக்கங்கள்தான். 1875இல் ஜெர்மன் சோசலிஸ்டுகளின் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது அதைச் சொன்னார். முதல் கட்டத்தில் நீங்கள் எத்தனை மணித்தியாலம் உழைத்தீர்கள் என்று ஒரு சான்றுச்சீட்டுக் கிடைக்கும். சமூகம் உற்பத்தி செய்த மொத்தத்தில் தேய்ந்த இயந்திரத்துக்கு, விரிவாக்கத்துக்கு, அனர்த்தத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வைத்தியத்துக்கு, உழைக்க முடியாதவர்களுக்கு என்று முதலில் கழித்துவிடுவார்கள். மிச்சத்தில் உங்கள் சீட்டுக்குரியதைப் பொதுக் களஞ்சியத்தில் எடுக்கலாம். அந்தச் சீட்டு காசு மாதிரி கைமாறாது. இதிலும் சமமில்லை என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார்: ஒருவன் பலசாலி, ஒருவன் நோயாளி, ஒருவனுக்குப் பிள்ளைகள் அதிகம். அந்தக் குறை தீருவது பிறகு வரும் கட்டத்தில். அப்போது ஆற்றலுக்கேற்ற உழைப்பு, தேவைக்கேற்ற பங்கு. சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கழிவுப் பட்டியலைப் பார்த்தால் எங்கள் வரவுசெலவுத் திட்டத்தைவிட ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அந்த இரண்டாவது கட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று சோவியத் ஒன்றியம் ஒருபோதும் சொல்லவில்லை. 1961இல் குருஷேவ் காலத்துக் கட்சி வேலைத்திட்டம் 1980அளவில் வந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தது. 1980 வந்தது, மொஸ்கோவில் ஒலிம்பிக் நடந்தது. ஆகவே நடைமுறையில் கம்யூனிசப் பொருளாதாரம் என்று நாம் பேசுவது எல்லாம் முதல் கட்டத்தைத்தான்: கட்சி ஆள்கிற, அரசு சொந்தம் கொண்டாடுகிற, மேலிருந்து திட்டமிடுகிற பொருளாதாரம்.

அது எப்படி ஓடியது என்பதற்கு எங்கள் கடையில் இருக்கிற ஆணியையே எடுக்கலாம்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஆணி என்றால் ஆணி. எங்களுக்கு ஒரு அங்குலம், ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, நாலு, தலை பெரியது, தலை இல்லாதது, வாஷரோடு வருகிற கூரை ஆணி, கொங்கிரீட் ஆணி. வெசாக் வரப்போகிறது என்றால் சின்ன ஆணி பறக்கும், பந்தல் கட்டுகிறவர்கள் பெட்டி பெட்டியாக எடுப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் கூரை ஆணி. எங்காவது வெள்ளம் வந்தால் மறுகிழமை எல்லாமே. முதலாளி ஓடர் போடும்போது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கணினியில் நான் காட்டுகிற கையிருப்பைப் பார்ப்பார், பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு வவுனியாவுக்கு ஒரு கோல், குருநாகலுக்கு ஒரு கோல். "பாஸ்மார் இப்ப என்ன கேக்கிறாங்கள்?" மூன்றங்குலத்துக்கு விலை ஏறினால் பாஸ்மார், அதாவது மேசன்மாரும் தச்சர்மாரும், இரண்டரைக்கு இறங்குவார்கள். ஏன் ஏறியது என்று அவர்களுக்குத் தெரியவும் தேவையில்லை. சீனாவில் உருக்காலையில் என்ன நடந்தாலும், கொழும்புத் துறைமுகத்தில் என்ன நடந்தாலும், அது ஒரு எண்ணாக வந்து எங்கள் மேசையில் விழுந்துவிடும்.

இதை மொஸ்கோவில் ஒரு அலுவலகம் செய்தது. பெயர் கோஸ்பிளான், 1921இல் தொடங்கியது. முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் 1928இல் வந்தது. வேலை நடக்கிற விதம் ஏறக்குறைய இப்படி: எதை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அரசியல் தலைமை தீர்மானிக்கும். அது இலக்காக அமைச்சுகளுக்கு இறங்கும், அமைச்சிலிருந்து தொழிற்சாலைக்கு இறங்கும். தொழிற்சாலைகள் "இந்த இலக்குக்கு எனக்கு இவ்வளவு உருக்கு, இவ்வளவு நிலக்கரி, இவ்வளவு ஆள் வேண்டும்" என்று மேலே எழுதும். கோஸ்பிளானில் ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் ஒரு சமநிலைத் தாள் இருக்கும். ஒரு பக்கம் வருவது: உற்பத்தி, இறக்குமதி, கையிருப்பு. மறுபக்கம் போவது. இரண்டும் சமப்பட வேண்டும். எங்கள் பேரேடு மாதிரியே. உருக்குப் போதவில்லை என்றால் உருக்கு இலக்கைக் கூட்டுவார்கள். அதற்கு நிலக்கரி கூட வேண்டும், நிலக்கரிக்கு ரயில் வேண்டும், ரயிலுக்கு உருக்கு வேண்டும். இந்தச் சுற்றை முழுதாகச் சுற்றி முடிக்க நேரம் இருக்காது. ஆகவே வீட்டுப் பாவனைப் பொருளில் வெட்டுவார்கள். திட்டத்தில் சப்பாத்துக் குறைவதற்கும் சட்டி குறைவதற்கும் இதுதான் காரணம், யாரும் சப்பாத்துக்கு எதிரி இல்லை.

சரி, இலக்கு வந்துவிட்டது. ஆணித் தொழிற்சாலைக்கு எந்த அலகில் இலக்குக் கொடுப்பது? தொன்னில் கொடுத்தால் பெரிய ஆணியாக அடித்துத் தள்ளுவார்கள், நிறை சீக்கிரம் சேரும். எண்ணிக்கையில் கொடுத்தால் சின்ன ஆணி. குரோக்கடீல் என்ற சோவியத் நகைச்சுவைச் சஞ்சிகையில் வந்த ஒரு கேலிச்சித்திரம் இதனாலேயே பிரபலம்: தொழிற்சாலை அளவுக்கு ஒரேயொரு ஆணி, மாதத் திட்டம் பூர்த்தி. கேலிச்சித்திரம்தானே என்று விட்டுவிட முடியாது, தொங்குவிளக்குச் செய்கிற தொழிற்சாலைகளுக்குத் தொன் கணக்கில் இலக்கு இருப்பதால் விளக்குகள் பாரமாகிக்கொண்டே போகின்றன என்று குருஷேவே பகிரங்கமாகக் குறைப்பட்டிருக்கிறார். நாட்டின் தலைவருக்கே தெரியும். தெரிந்தும் வேறு நல்ல அலகு கிடைக்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. போன வருடம் செய்ததை அடியாக வைத்துத்தான் இந்த வருட இலக்கு வரும். ஒரு முகாமையாளர் உற்சாகத்தில் 110 வீதம் செய்து காட்டினால், அடுத்த வருடம் அந்த 110 தான் 100. ஆகவே புத்தியுள்ளவர் 101இல் நிறுத்துவார். தன்னிடம் இருக்கிற இயந்திரத்தைக் குறைத்துச் சொல்வார், தேவையான உருக்கைக் கூட்டிச் சொல்வார். மேலே இருப்பவருக்கும் இது தெரியும், அவர் கேட்டதில் வெட்டுவார். வெட்டுவார் என்று தெரிந்து கீழே இருப்பவர் இன்னும் கூட்டிக் கேட்பார். கொழும்பில் எந்தத் திணைக்களத்திலாவது வருடாந்த மதிப்பீடு தயாரித்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

கேட்ட உருக்கு வருமோ வராதோ என்ற பயத்தில் எல்லோரும் பதுக்கினார்கள். திருகாணியும் போல்ட்டும் வெளியிலிருந்து நம்பி வாங்க முடியாது என்பதால் பெரிய பெரிய இயந்திரத் தொழிற்சாலைகள் தங்களுக்குத் தாங்களே போல்ட் செய்துகொண்டன. உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் திட்டமிட்ட நாடு, ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலைக்குள்ளும் ஒரு குட்டிப் பட்டறை. அப்புறம் தல்காச் என்று ஒரு ஆள். தொழிற்சாலை அவரைச் சம்பளத்தில் வைத்திருக்கும், ஏட்டில் வேறு ஏதாவது பதவி எழுதியிருக்கும். ரயில் ஏறி ஊரூராகப் போய், போத்தலோ கேக்கோ கொடுத்து, வரவேண்டிய பொருளை வரவைப்பதுதான் அவர் வேலை. திட்டத்துக்கு இந்த ஆள் சட்டவிரோதம். அவர் இல்லாவிட்டால் திட்டம் ஓடாது.

என் சித்தப்பா எழுபதுகளின் கடைசியில் மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். எங்கள் ஊர் பருத்தித்துறை, 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன்னம்பலம் கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அப்பப்பா அந்தத் தேர்தலுக்குச் சைக்கிளில் திரிந்தவராம். அதனால் சித்தப்பா மொஸ்கோ போனது வீட்டில் யாத்திரை போன மாதிரி. வரும்போது அவர் கொண்டுவந்த ஒரு அலுமினியச் சட்டி கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதன் அடியில் விலை அச்சுக் குத்தியிருக்கிறது. ஸ்டிக்கர் இல்லை, உலோகத்திலேயே குத்தியது, ஒரு ரூபிளும் சில கொபெக்கும். பிள்ளைக் காலத்தில் விரலால் தடவிப் பார்ப்பேன். இப்போது கடையில் வேலை செய்கிறவளாகப் பார்க்கும்போது பிரமிப்பாக இருக்கிறது. விலை மாறவே மாறாது என்று எவ்வளவு நம்பிக்கை இருந்தால் அதை அச்சில் வெட்டுவார்கள்! 2022இல் நாங்கள் ராக்கையில் விலை எழுதுவதையே நிறுத்திவிட்டோம், காலையில் சொன்ன விலை மத்தியானம் செல்லாது.

சித்தப்பா அந்த நாட்டைக் கேலி செய்ய விடமாட்டார். மெட்ரோவுக்கு 5 கொபெக், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும். விடுதி வாடகை பெயருக்கு. கையில் உதவித்தொகை. வைத்தியம் இலவசம். வேலை இல்லாத ஆளை அவர் காணவில்லையாம். அதே மூச்சில் மற்றதையும் சொல்வார். எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு வலைப்பை மடித்துக் கிடக்கும், வழியில் எதுவும் அகப்பட்டால் வாங்க. கியூவைக் கண்டால் முதலில் நின்றுவிட்டுப் பிறகுதான் என்ன விற்கிறார்கள் என்று கேட்பது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் செய்த திகதியைப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் செய்ததென்றால் வேண்டாம், இலக்கை முடிக்க அவசரத்தில் பூட்டியது. சம்பளம் இருக்கிறது, விலையும் மலிவு, கடையில் சாமான் இல்லை. மலிவாக இருந்ததால்தான் இல்லை என்பது என் கட்சி. அவர் கட்சி வேறு: அமெரிக்காவோடு போட்டியில் ஆயுதத்துக்குப் போனது. இரண்டும் உண்மைதான். இந்த வாதம் எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும்.

அந்தச் சமநிலைத் தாள்களால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதும் பொய். எது வேண்டும் என்று திட்டவட்டமாகத் தெரிந்து, அது ஒன்றிரண்டாக இருந்து, மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றால் அந்த முறை பயங்கர வேகத்தில் வேலை செய்யும். உருக்கு, மின்சாரம், யுத்தத் தாங்கி, 1957இல் ஸ்புட்னிக். ஒருவெலவில் எங்கள் உருக்குக் கூட்டுத்தாபனத்தையும் களனியில் டயர் தொழிற்சாலையையும் சோவியத் உதவியோடுதான் அறுபதுகளில் கட்டினோம். எந்தத் தனியார் கொம்பனியும் அன்றைக்கு இலங்கைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

விவசாயத்தில் அந்த வேகம் ஆட்களைக் கொன்றது. 1929 தொடங்கிக் காணிகளைக் கூட்டுப்பண்ணைகளாக்கினார்கள். தொழிற்சாலை ஊருக்கும் ஏற்றுமதிக்கும் தானியம் வேண்டும் என்று கிராமத்துக்கு இலக்கு வைத்து அள்ளினார்கள். 1932-33இல் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் மற்ற இடங்களிலும் லட்சக்கணக்கில் என்று சொல்லி முடியாத அளவு சனம் பட்டினியில் செத்தது. 1958இல் சீனாவில் பெரும் பாய்ச்சல் தொடங்கியபோது ஒவ்வொரு மட்டத்திலும் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதினார்கள். எழுதிய கணக்குப்படி அரசு தன் பங்கை எடுத்தது. வயலில் இருந்ததோ வேறு கணக்கு. செத்தவர்கள் கோடிக்கணக்கில். பேரேட்டில் பொய் எழுதினால் எங்கள் கடையில் என் வேலை போகும், அங்கே உண்மையை எழுதினால் போகும். இதைச் சித்தப்பாவும் மறுக்க மாட்டார், பேச்சை மாற்றுவார்.

சோவியத் கூட்டுப்பண்ணைக் குடும்பங்களுக்குச் சொந்தமாகத் துண்டுக் காணி விட்டிருந்தார்கள். பயிரிட்ட நிலத்தில் அது ஏறக்குறைய 3 வீதம்தான், விவசாய உற்பத்தியில் கால்வாசி அதிலிருந்து வந்தது. 1978இல் சீனாவின் ஷியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பத்தவர் வயலை இரகசியமாகப் பிரித்துக் கைநாட்டு வைத்ததும் அப்படி ஒரு துண்டுக் காணிக்குத்தான். பிறகு அதுவே நாட்டின் கொள்கையானது.

இலங்கை கம்யூனிச நாடு இல்லை, ஆனால் 1970 முதல் 1977 வரை, சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில், அரைவாசி தூரம் போய்ப் பார்த்தோம். 1975 வரை நிதியமைச்சர் ட்ரொட்ஸ்கியவாதியான என். எம். பெரேரா. இறக்குமதிக்கு இறுக்கம், கூப்பன் அரிசி, சங்கக்கடை, அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை, வீதியில் சோதனைச் சாவடி. தோட்டங்கள் அரசுக்குப் போயின. அம்மா அப்போது கொழும்பில். விடியமுன் பாணுக்கு நின்ற கதையை இப்போதும் சொல்வார், பாண் ஒரு றாத்தல் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அதே வருடங்களில் ஊரில் அப்பாவின் ஆட்கள் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கல்வீடு கட்டினார்கள், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால். ஆகவே சிறிமாவோ ஆட்சி எப்படி என்று எங்கள் குடும்பத்தில் கேட்டால் அம்மா பக்கம் ஒரு பதில், அப்பா பக்கம் ஒரு பதில். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார், மிளகாய்க்காரர் விழுந்தார்கள், பாண் கியூ போனது.

எனக்கு நேரே தெரிந்தது 2022 ஜூலையில் எரிபொருளுக்கு வந்த கியூஆர் கோட்டா. ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார்சைக்கிளுக்கு 4, காருக்கு 20. நாள்கணக்காகக் கியூவில் காய்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். யார் பணக்காரன் என்று பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஆனால் எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றுகிற ஆட்டோக்காரருக்கும் 5 லீற்றர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் ஆட்டோ எடுக்கிற எங்கள் ஒழுங்கை ஐயாவுக்கும் 5 லீற்றர். கொஞ்ச நாளில் ஐயாவின் 5 லீற்றர் ஆட்டோக்காரரிடம் வந்து சேர்ந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. வாகன இலக்கத்தில் இல்லாத தகவல் அது, ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த தகவல். முந்தின வருடம் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டபோது நாட்டரிசி ராக்கையிலிருந்து காணாமல் போனதும் இந்த வகைதான்.

அக்காவின் மகன் ஏ.எல். வர்த்தகப் பிரிவில் படிக்கிறான். அவனுடைய நோட்டில் திட்டமிட்ட பொருளாதாரத்துக்கு ஐந்து நன்மை, ஐந்து தீமை. இதெல்லாம் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லாததால்தானே, இப்போது செய்தால் சரிவரும்தானே என்று கேட்டான். நல்ல கேள்வி, சோவியத் ஒன்றியத்திலேயே கேட்ட கேள்வி. லியோனிட் கன்டரோவிச் என்ற கணித மேதை 1939இலேயே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களை எப்படிப் பங்கிடுவது என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து முழுப் பொருளாதாரத்துக்கும் ஒரு முறை எடுத்தார். 1975இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. அவர் கணக்கில் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒரு நிழல் விலை வந்து நிற்கும், அது இன்னும் கொஞ்சம் கிடைத்தால் எவ்வளவு பயன் என்று காட்டுகிற எண். மார்க்சியம் உழைப்பை மட்டும்தானே எண்ணச் சொன்னது என்று கட்சிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அறுபதுகளில் விக்தர் குளுஷ்கோவ் நாடு முழுக்கக் கணினி வலையமைப்புப் போடலாம் என்று திட்டம் கொடுத்தார். அமைச்சுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கின, தங்கள் உண்மையான எண்களை யார் மொஸ்கோவுக்கு நேரே காட்டுவார்கள்?

கணினி நாங்கள் போட்டதைத்தான் கூட்டும் என்று அவனிடம் சொன்னேன். எங்கள் கடைக் கணினியிலும் அப்படித்தான். ஆகவே இப்படி ஒரு திட்டத்தை எவராவது கொண்டுவந்தால் எனக்கு அல்காரிதம் பற்றி எதுவும் கேட்க இல்லை. குறைந்த எண்ணை எழுதிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்பேன். 1937 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் சனத்தொகைக் கணக்கெடுத்தது. 1934இலேயே ஸ்டாலின் 16 கோடி 80 லட்சம் என்று சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தால் 16 கோடி 20 லட்சம்தான் இருந்தது, பஞ்சத்தில் செத்தவர்கள் எண்ணுவதற்கு இல்லை. முடிவை மறைத்தார்கள். கணக்கெடுப்புப் பணியகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒலிம்பி க்விட்கினைச் சுட்டார்கள், புள்ளிவிபரத் துறையில் இன்னும் பலர் கைதானார்கள். 1939இல் புதிய ஆட்களை வைத்து மறுபடி எண்ணினார்கள். 17 கோடி வந்தது.